ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடிய வீரன்

தொண்ணூறுகளில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்து லயங்களில் டீவி கேம் விளையாடிய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பொத்தானை அழுத்தி ஓடவிட்ட முகமூடி வீரன், அமெரிக்காவில் ஓடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் இங்கே ஓடினான். உயரத்திலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்திருந்தான். அதைவிட வேடிக்கை, அதே வீரன் கார்ட்டூன் தொடரில் வரும்போது அமெரிக்காவில் ஓடியதைவிட நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடக்கூடியவன். குரலும் சற்றுக் கீச்சென்று ஏறியிருக்கும். பெட்டியில் பழுதில்லை, கேசட்டில் பழுதில்லை, பிள்ளைகளின் கையிலும் குறையில்லை. காரணத்தைத் தேடிப் போனால் லக்ஷபானவில் விழுகிற தண்ணீர் வரைக்கும் போக வேண்டும்.

ஒரு வீரனை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பேர் டார்க்விங் டக். வாத்து. 1991இல் டிஸ்னி தொடங்கிய கார்ட்டூன் தொடரின் நாயகன். பகலில் ட்ரேக் மல்லார்ட் என்ற சாதாரணக் குடும்பஸ்தன். இரவானால் அகன்ற தொப்பி, முகமூடி, ஊதாத் தோளாடை, கையில் வாயுத் துப்பாக்கி. தன் வீரத்தைத் தானே பீற்றிக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பேட்மேன் போன்ற இருட்டு வீரர்களை நன்றாகக் கிண்டல் செய்த தொடர் அது. மொத்தம் 91 பகுதிகள். மறு ஆண்டே, 1992இல், ஒசாகா நகரத்து கேப்காம் நிறுவனம் நிண்டெண்டோவின் எட்டு பிட் பெட்டிக்கு அவனை விளையாட்டாக்கியது. கார்ட்டூனில் வரும் மெகாவோல்ட், லிக்விடேட்டர், குவாக்கர்ஜாக் எல்லோரும் விளையாட்டிலும் வில்லன்கள். மேல்நோக்கிய பொத்தானைப் பிடித்தால் வாத்து தன் தோளாடையை முன்னால் இழுத்து, வரும் குண்டைத் தடுக்கும். கார்ட்டூனில் வெறும் பகட்டாக இருந்த துணி, விளையாட்டில் கேடயம் ஆயிற்று. கார்ட்டூனை விளையாட்டாக்கும் கலையில் இதைவிட நேர்த்தியான யோசனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கார்ட்டூனில் வாத்து ஓடுவது வேறு, விளையாட்டில் ஓடுவது வேறு. கார்ட்டூனில் யாரோ ஒரு ஓவியர் ஒவ்வொரு அடியையும் எப்போதோ வரைந்து முடித்துவிட்டார். நமக்குக் கிடைப்பது நடந்து முடிந்த ஓட்டம். விளையாட்டிலோ, அடுத்த நொடியில் வாத்து எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கட்டைவிரல் சொன்ன பிறகுதான் படமே பிறக்க வேண்டும். அதுவும் நொடிக்கு அறுபது தடவை.

இதைச் செய்ய அந்தப் பெட்டிக்கு இருந்த வசதியைக் கேட்டால் சிரிப்பு வரும். திரையில் 256க்கு 240 புள்ளிகள், ஆக 61,440 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு நிறத்தில் ஒன்று என்று மட்டும் குறித்து வைத்தாலும் ஒரு முழுப் படத்துக்கு 15,360 பைட் நினைவகம் வேண்டும். பெட்டியின் மூளைச் சில்லுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததோ 2,048 பைட். படம் வரையும் சில்லுக்குத் தனியாக இன்னொரு 2,048. முழுப் படத்தை வைத்துக்கொள்ள இடமே கிடையாது. ஆகவே அந்தப் பெட்டி எந்தப் படத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்பவர்கள் நம்பத் தயங்குகிற இடம் இது. வாத்தும் அதன் நகரமும் முழுப் படமாக அந்த இயந்திரத்துக்குள் எங்குமே இருந்ததில்லை.

பிறகு எப்படித் தெரிந்தது? எல்லாமே எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சின்னச் சதுரத் துண்டுகள். ஒரு துண்டுக்கு 16 பைட். செங்கல் சுவர் என்றால் ஒரே செங்கல் துண்டு நூறு இடத்தில். பின்னணிக்கு அகலத்தில் 32, உயரத்தில் 30 என்று 960 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எத்தனையாம் நம்பர் துண்டு என்ற பட்டியல் மட்டும் நினைவகத்தில் இருக்கும். பழைய டீவிப் பெட்டியில் எலெக்ட்ரான் கற்றை திரையின் மேல் இடது மூலையில் தொடங்கி வரிவரியாகக் கீழே இறங்கும் அல்லவா, அது நகர நகர, வரையும் சில்லு பட்டியலைப் பார்த்து அந்தக் கணத்துக்கு வேண்டிய புள்ளியை மட்டும் கொடுத்துக்கொண்டே போகும். கொடுத்த புள்ளியை அதுவே மறந்துவிடும். படம் ஒன்றுசேர்வது நம் கண்ணுக்குள்ளே.

வாத்தும் இதே மாதிரித் துண்டுகள்தான். ஒரே வித்தியாசம், இவை திரையில் எங்கே வேண்டுமானாலும் நகரக்கூடியவை. இப்படி நகரும் துண்டுகள் மொத்தம் 64. ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிறம். கார்ட்டூன் வீரர்கள் இந்தப் பெட்டிக்கு இவ்வளவு பொருந்தி வந்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தொலைக்காட்சிக் கார்ட்டூன் வரைகிறவர்களும் சிக்கனக்காரர்கள். கறுப்புக் கோட்டு விளிம்பு, உள்ளே தட்டையான இரண்டு மூன்று நிறம், தூரத்திலிருந்து நிழலைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும் உருவம். தொப்பி ஒன்று, அலகு ஒன்று, தோளாடை ஒன்று, வாத்து தயார். நிஜ நடிகரின் முகத்தை இந்தப் பெட்டியில் கொண்டுவர முயன்ற விளையாட்டுகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். கொனாமி 1989இல் செய்த நிஞ்சா ஆமைகள் விளையாட்டிலும், 1987இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர் காட்டிய வழி இருந்தது: ஒரே மாதிரி நாலு ஆமை, ஆளுக்கொரு நிற முகமூடி. தொடரின் பாட்டைப் பாடிக்கொண்டே பார்க்கும் குழந்தைக்கும் ஆளை அடையாளம் தெரியும், மூன்று நிறச் சில்லுக்கும் அது கட்டுப்படியாகும்.

கட்டுப்படியாகாத ஒன்றும் இருந்தது. ஒரு வரியில் எட்டுத் துண்டுக்கு மேல் சில்லு வரையாது. எட்டுக் காம்பரா கொண்ட லயம் மாதிரி. நம் லயத்தில் ஒன்பதாவது குடும்பம் வந்தால் இஸ்தோப்பை மறைத்தாவது இடம் பண்ணிக்கொள்வார்கள். சில்லுக்கு அந்த இரக்கம் கிடையாது. ஒன்பதாவது துண்டு அந்த வரியில் காணாமல் போகும். வாத்துக்கு மூன்று துண்டு, எதிரில் வில்லனுக்கு மூன்று, இரண்டு குண்டு, கணக்கு முடிந்தது. இன்னொரு எதிரி அதே மட்டத்துக்கு வந்தால் யாரோ ஒருவருடைய உடம்பில் ஒரு பகுதி மறைய வேண்டும். எழுதியவர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள்: துண்டுகளின் வரிசையை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றிவிடுவது. இந்தப் படத்தில் இவன் மறைந்தால் அடுத்த படத்தில் அவன் மறைவான். ஆகவே எல்லோரும் மினுங்கிக்கொண்டே தெரிவார்கள். சண்டை சூடு பிடித்ததும் வீரர்கள் மின்மினி போல விட்டுவிட்டுத் தெரிந்ததை, கேசட் அழுக்காகிவிட்டது என்று எண்ணி எடுத்து ஊதிய பிள்ளைகள் எத்தனை பேரோ. ஊதியதில் பயனில்லை. எச்சில் ஈரம் பட்டு உலோகத் தொடுமுனை கெட்டதுதான் மிச்சம்.

இனி வாத்தைக் குதிக்க வைப்போம். பௌதிகப் புத்தகத்தில் எறிபொருள் பாதை என்று ஒரு பாடம் வரும், வர்க்கமும் பெருக்கலும் நிறைந்தது. அந்தப் பெட்டியின் மூளைச் சில்லுக்குப் பெருக்கவே தெரியாது. கூட்டலும் கழித்தலுமே அதன் கையிருப்பு. ஆனாலும் குதித்த வீரன் அழகான வளைவில் ஏறி இறங்குகிறான். எப்படியென்றால், பொத்தான் அழுந்திய படத்தில் வீரனுக்கு மேல்நோக்கி ஐந்து புள்ளி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படத்தில் அதிலிருந்து கால் புள்ளியைக் கழி. அதற்கடுத்ததில் இன்னும் கால். 5, 4.75, 4.5 என்று ஏற்றம் குறுகிக்கொண்டே வந்து, இருபது படத்தில் வேகம் பூச்சியமாகும். அதற்குள் வீரன் 52 புள்ளி சொச்சம் ஏறியிருப்பான். கழித்துக்கொண்டே போனால் வேகம் கீழ்நோக்கித் திரும்பும். இன்னும் இருபது படத்தில் தரை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கழித்தல், ஒரு கூட்டல், அவ்வளவே. விழுகிற பொருள் சமமான காலத்துண்டுகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாக ஏறும் என்று கலிலியோ கண்டார் அல்லவா? சீராக மாறும் வேகத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் அந்தப் பரவளைவு தானாக வந்து விழுகிறது. எண்கள் நான் உதாரணத்துக்குச் சொன்னவை. ஆனால் அந்தக் காலத்துக் குதிக்கும் வீரர்கள் பெரும்பாலும் இப்படியே குதித்தார்கள்.

குண்டு பட்டதா என்று பார்ப்பதும் இப்படியே எளிமையானது. வாத்தைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத செவ்வகம், குண்டைச் சுற்றி ஒன்று. இதன் இடது ஓரம் அதன் வலது ஓரத்தைத் தாண்டிவிட்டதா என்பது போல நாலு ஒப்பீடு செய்தால் இரண்டும் முட்டுகின்றனவா என்று தெரிந்துவிடும். செவ்வகத்தைப் படத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக வைப்பது நல்ல விளையாட்டுக்காரர்களின் தர்மம். தொப்பி நுனியில் உரசிய குண்டுக்காக உயிர் போனால் எந்தப் பிள்ளை பொறுக்கும்?

மேலே சொன்ன கணக்கில் எங்கேயாவது நொடி வந்ததா? வரவில்லை. ‘ஒரு படத்துக்கு இவ்வளவு’ என்றே வாத்துக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதனிடம் கடிகாரம் கிடையாது. திரையில் ஒரு படம் முடிந்ததா என்பதே அதன் கடிகாரம். ஏறி இறங்க 40 படம். நொடிக்கு 60 படம் ஓடும் ஊரில் அது 0.67 நொடி. 50 படம் ஓடும் ஊரில் 0.8 நொடி. இலங்கை 50 படம் ஓடும் ஊர்.

குதிக்கும் உயரம் இரண்டிடத்திலும் அதே கட்டக் கணக்குதான், தாண்டும் பள்ளமும் அதேதான், எதிரியும் குண்டும் அதே விகிதத்தில் மெதுவாகும். காலம் மட்டும் முழுசாக இழுபட்டிருக்கிறது. உலகத்தில் எல்லாமே ஒரே அளவில் மெதுவானால் உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒசாகாவில் இன்னொரு டீவி நம்மிடம் இல்லை.

அப்படியானால் இந்த 50 எங்கிருந்து வந்தது? கேம் பெட்டி டீவியோடு பேசிய விதத்தை முதலில் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளை டீவியின் அன்டெனா ஓட்டையில் மாட்டினோம். அதாவது அந்தப் பெட்டி ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம். நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீட்டர் உயரத்தில், நாட்டின் ஆக உயரமான சிகரமான பீதுருதாலகாலவில் நிற்கும் ரூபவாஹினிக் கோபுரம் எந்த முறையில் படம் அனுப்புகிறதோ அதே முறையில் இதுவும் அனுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் டீவிக்குப் புரியாது. கோபுரத்தின் வீச்சு மலைகளைத் தாண்டி. பெட்டியின் வீச்சு ஒரு முழக் கம்பி. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி, ஜப்பானின் உதவியோடு, 1982இல். கோபுரம் ஜப்பான் கொடுத்தது, விளையாட்டும் ஜப்பானில் பிறந்தது, ஆனால் நாம் எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் பால் என்ற முறை: 625 வரி, அதை இரண்டு வீச்சாகப் பிரித்து நொடிக்கு 50 வீச்சு. கற்றை திரையை ஒரு தடவை மேலிருந்து கீழே கடப்பது ஒரு வீச்சு.

ஐரோப்பா ஏன் 50 என்று வைத்தது? அங்கே வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் துடிக்கும். ஆரம்பகால டீவிப் பெட்டிகளில் அந்தத் துடிப்பு படத்துக்குள் கசியும். படமும் மின்சாரமும் ஒரே எண்ணிக்கையில் துடித்தால் கசிந்த நிழல் ஓரிடத்தில் பேசாமல் நிற்கும். எண்ணிக்கை வேறுபட்டால் நிழல் திரையில் மேலும் கீழும் ஊர்ந்து கண்ணை உறுத்தும். ஆகவே 60 துடிக்கும் அமெரிக்கா 60 வீச்சை எடுத்தது, 50 துடிக்கும் ஐரோப்பா 50ஐ எடுத்தது. பிரித்தானியரிடமிருந்து மின்சாரம் கற்ற நாம் துடிப்பையும் அவர்கள் கணக்கிலேயே எடுத்தோம்.

அந்தத் துடிப்பு உண்டாகும் இடம் நம் மலைதான். டீ. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1910களில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளாக்பூலில் சின்ன நீர்மின் நிலையம் அமைத்து நகரத்துக்கு விளக்கேற்றினார். 1918இல், மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயாப் பள்ளத்தாக்குகளின் தண்ணீரைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று கணக்குப் போட்டு அறிக்கை வாசித்தார். திட்டம் இழுத்து இழுத்து, லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து கடந்திருந்தது. பின்னால் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வந்தன. நோட்டன் பிரிட்ஜில் அவர் பேரிலேயே ஒரு மின் நிலையம் நிற்கிறது. மின்சாரம் பிறந்த மலையிலேயே பல லயங்களுக்கு வெளிச்சம் வந்தது கொழும்புக்கு வந்து பல காலம் கழித்து என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

விழும் தண்ணீர் சுழலியைச் சுற்றுகிறது. சுழலியோடு காந்தங்கள் சுற்றுகின்றன. ஆறு சோடிக் காந்த முனைகள் கொண்ட ஒரு மின்னாக்கி நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால், 500ஐ ஆறால் பெருக்கி அறுபதால் வகுத்துக்கொள்ளுங்கள்: நொடிக்குச் சரியாக 50 துடிப்பு. முனைகள் கூடினால் சுற்று குறையும், குறைந்தால் சுற்று கூடும். விடை 50ஆகவே இருக்க வேண்டும். நாட்டின் வலையமைப்பில் இணைந்த இப்படியான மின்னாக்கிகள் எல்லாம் காலடி பிசகாமல் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது சுமை ஏறித் தாளம் ஒரு துளி தளரும்; உடனே வாய்க்கதவு கொஞ்சம் திறந்து அதிகத் தண்ணீர் விழும்.

இதை வைத்து, லக்ஷபானச் சுழலி தளர்ந்தால் வாத்தும் அந்தக் கணமே தளர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கேம் பெட்டிக்குள் தனியாக ஒரு படிகம் துடித்து அதன் நேரத்தைக் காத்தது. கரண்ட் வராத லயங்களில் கார் பெட்டரியை டவுனுக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் பண்ணிக் கறுப்பு வெள்ளை டீவி பார்த்தார்களே, அந்த டீவியும் 50 வீச்சுதான் காட்டியது. மின்சாரம் ஒரு காலத்தில் விதித்த எண், மின்சாரமே இல்லாத வீட்டிலும் சட்டமாக நின்றது. இதற்கு நேர்மாறான கதை ஜப்பானில். அங்கே டோக்கியோப் பக்கம் ஜெர்மன் இயந்திரம் வாங்கியதால் 50, ஒசாகாப் பக்கம் அமெரிக்க இயந்திரம் வாங்கியதால் 60, ஒரே நாட்டில் இரண்டு துடிப்பு, இன்றைக்கும். ஆனால் டீவிக்கு நாடு முழுவதும் அமெரிக்க முறையே. கேப்காம் இருந்த ஒசாகாவும் நிண்டெண்டோ இருந்த கியோட்டோவும் 60ஐச் சேர்ந்தவை. வாத்தைச் செய்தவர்களுக்கு விளக்கும் 60, திரையும் 60.

இலங்கை, இந்தியா போன்ற 50 நாடுகளின் கடைத்தெருவுக்கு வந்தவை பெரும்பாலும் நிண்டெண்டோவின் அசல் பெட்டிகள் அல்ல, நகல்கள். அவற்றில் பலவற்றுக்குள் தைவானின் யூஎம்சி நிறுவனம் 50 முறைக்கென்றே செய்த சில்லுகளும் அவற்றின் வழிவந்தவையும் இருந்தன. அந்தச் சில்லு செய்த காரியம் கெட்டிக்காரத்தனமானது. ஜப்பானில் ஒரு வீச்சுக்கு 262 வரி; அதில் 240இல் படம், மீதி 22 வரி நேரம் கற்றை மேலே திரும்புவதற்கான இடைவெளி. நம் முறையில் ஒரு வீச்சுக்கு 312 வரி. சில்லு அதே 240 வரியை ஏறக்குறைய அதே வேகத்தில் வரைந்துவிட்டு, எஞ்சிய 72 வரி நேரத்தைச் சும்மா இருந்து கழித்தது. வாத்து மெதுவாக ஓடியதன் முழு ரகசியமும் அந்தக் கூடுதல் ஐம்பது வரிக் காத்திருப்பில் இருக்கிறது.

அந்தக் காத்திருப்பு கண்ணுக்கும் தெரிந்தது. பால் டீவியில் படம் தெரியக்கூடிய வரிகள் ஒரு வீச்சுக்குச் சுமார் 288. விளையாட்டு நிரப்பியது 240 மட்டும். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. அகலம் குறையாமல் உயரம் மட்டும் குறைந்ததால் வீரன் அமுக்கிவிட்டது போலக் குள்ளமாகத் தெரிந்தான். 240ஐ 288ஆல் வகுத்தால் ஆறில் ஐந்து. காலத்தில் எவ்வளவு இழந்தானோ உயரத்திலும் அவ்வளவே.

கார்ட்டூன் வாத்தின் கதையே வேறு. அக்காலத் தொடர்கள் பெரும்பாலும் பிலிமில் நொடிக்கு 24 சட்டமாகப் படமாக்கப்பட்டவை. 60 வீச்சு நாட்டில் அந்த 24ஐ 60க்குள் அடக்க, ஒரு சட்டத்தை இரண்டு வீச்சுக்கும் அடுத்ததை மூன்று வீச்சுக்கும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். கொஞ்சம் தட்டுத்தடுமாறும், ஆனால் வேகம் சரியாக இருக்கும். 50 வீச்சு நாட்டில் 24 அப்படி அடங்காது. பிலிமிலிருந்து நேராக மாற்றுகிறவர்கள் 24ஐ 25 என்று வைத்து, சட்டத்துக்கு இரண்டு வீச்சாக ஓட்டிவிடுவார்கள். 22 நிமிடப் பகுதி இப்படி ஓடினால் 53 நொடி முன்னதாகவே முடிந்துவிடும். ஒலியும் கூட வேகமாவதால் சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறும். ஆக ஒரே ஊரில், ஒரே டீவியில், சாயந்தரம் கார்ட்டூனில் விரைந்து ஓடுபவன், கேசட்டைச் சொருகியதும் தளர்ந்து நடப்பான். தவறு இரண்டு பக்கமும் ஒரே 50இலிருந்து வந்தது. கார்ட்டூனை அது தள்ளியது, விளையாட்டை இழுத்துப் பிடித்தது.

இதில் நம் பிள்ளைகளுக்கு நட்டமா? ஒரு விதத்தில் இலாபம். கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்குக் கால் நொடி அளவு பிடிக்கும். எதிரி சுட்ட குண்டு நாற்பது படத்தில் வந்து சேரும் என்றால், அமெரிக்கப் பிள்ளைக்கு 0.67 நொடி, ஹட்டன் பிள்ளைக்கு 0.8. யோசிக்கக் கிடைத்த அந்த மிச்ச நேரம் சின்னதாகத் தோன்றலாம். மெகாவோல்ட்டின் மின்னலுக்கு நடுவே நின்றவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். பாட்டுக்குத்தான் கொஞ்சம் சேதம். பின்னணி இசையின் அடுத்த சுரம் எப்போது என்பதையும் படங்களை எண்ணியே தீர்மானித்தார்கள். ஆகவே தாளம் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தது. ஆனால் சுரத்தின் உயரம் மூளைச் சில்லின் துடிப்பிலிருந்து வருவது, அது இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றே: அங்கே நொடிக்கு 17.9 இலட்சம், இங்கே நகலில் 17.7 இலட்சம். பாட்டு அதே சுருதியில், நிதானமான காலத்தில் ஒலித்தது.

இன்னொரு விசித்திரம் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. எதிரிகள் கூட்டமாக வந்தால் சில்லுக்கு வேலை கூடி, ஒரு படத்துக்குள் கணக்கு முடியாமல் போகும். அப்போது அது அடுத்த படம் வரை காத்திருந்து விளையாட்டை நகர்த்தும். வேகம் சடாரென்று பாதியாகும். ஜப்பானியப் பெட்டிக்கு ஒரு படத்துக்குக் கிடைத்த துடிப்பு சுமார் 29,780. 50 நகலுக்கோ 35,464, ஏனென்றால் ஒவ்வொரு படமும் நீண்டது. கூட்டமான ஒரு கட்டத்துக்கு 32,000 துடிப்பு வேலை இருக்கிறதென்று வையுங்கள். அங்கே ஒரு படத்தில் அடங்காது, விளையாட்டு நொடிக்கு 30ஆக விழும். இங்கே தாராளமாக அடங்கும், 50இலேயே நிற்கும். அதாவது சாதாரணமாகப் பின்தங்கி ஓடிய நம் வீரன், நெரிசல் வந்தால் ஒசாகா வீரனை முந்திவிடக்கூடியவன்.

இன்றைய விளையாட்டுகள் படத்தை எண்ணிக் காலம் பார்ப்பதில்லை. 2018இல் டிஸ்கவரி கிட்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய லிட்டில் சிங்கம் கார்ட்டூன் அவ்வாண்டே கைபேசி விளையாட்டாகவும் வந்தது. ஒருவருடைய கைபேசித் திரை நொடிக்கு 60 படம் காட்டும், பக்கத்து வீட்டுத் தம்பியினுடையது 90, அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது 120. படத்தை எண்ணி ஓடினால் ஒரே வீரன் ஒரு கையில் நடப்பான், இன்னொரு கையில் பறப்பான். ஆகவே இப்போதெல்லாம் போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் எத்தனை மில்லிநொடி போயிற்று என்று பார்த்து, வேகத்தை அதனால் பெருக்கித் தூரத்தைக் கண்டுபிடிப்பார்கள். பெருக்கத் தெரியாத சில்லின் காலம் போய்விட்டது.

பெருக்கத் தெரிந்ததால் புதிய தொல்லையும் வந்தது. நொடிக்கு 600 புள்ளி ஓடும் வீரன். கைபேசிக்கு ஏதோ அழைப்பு வந்து கால் நொடி திணறுகிறது. திணறல் தீர்ந்ததும் கணக்கு என்ன சொல்லும்? ஒரே எட்டில் 150 புள்ளி. வழியில் 32 புள்ளி தடிப்பில் ஒரு சுவர் இருந்தால், முந்தின படத்தில் வீரன் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த படத்தில் அந்தப் பக்கம். செவ்வகங்கள் முட்டவே இல்லை. சுவரை ஊடுருவும் வரம் யாரும் கொடுக்காமலே வந்துவிட்டது. இதைத் தடுக்க, முட்டல் மோதல் கணக்குகளை மட்டும் திரைக்குச் சம்பந்தமில்லாமல் சமமான சின்னச் சின்ன அடிகளாகப் பிரித்துச் செய்வார்கள். கைபேசி விளையாட்டுகளில் ஏராளமானவை யூனிட்டி என்ற மென்பொருளில் செய்யப்படுகின்றன. யாரும் மாற்றாவிட்டால் அதில் அந்த அடியின் அளவு 0.02 நொடி. நொடிக்கு 50. இதற்கும் மின்சாரத்துக்கும் உறவில்லை, கணக்குக்கு வசதியான எண், அவ்வளவே. ஆனாலும் முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன்.

அந்த நாள் பிள்ளைகளில் பலர் இப்போது கொழும்பிலும் கட்டாரிலும் டொரொண்டோவிலும் இருக்கிறார்கள். பழைய விளையாட்டைக் கணினியிலோ கைபேசியிலோ, பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் போட்டு ஓடவிட்டால், ஏதோ மாறிவிட்டது, வாத்து பரபரவென்று ஓடுகிறது, கை முன்போல வரவில்லை, வயதாகிவிட்டது என்று தோன்றும். வயது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், எமுலேட்டர் வழக்கமாக ஒசாகாவின் 60இலேயே ஓட்டுவது. எது சரியான வேகம் என்று இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் 60ஐத்தான் அசல் என்பார்கள். செய்தவர்கள் நினைத்தது அதுவே என்ற வகையில் நியாயம். ஆனால் ஒருவர் ஆயிரம் தடவை குதித்துப் பழகிய குதிப்பை நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மெசென் போன்ற எமுலேட்டர்களில் பிரதேசம் என்றொரு அமைப்பு உண்டு. அதில் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க 60 முறை, பால் இரண்டோடு மூன்றாவதாக டெண்டி என்று ஒன்று இருக்கும். 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்து பிரபலமான ஒரு நகல் பெட்டியின் பேர் அது. அதற்குள்ளும் இருந்தவை 50 முறைக்கான நகல் சில்லுகளே, ஆகவே அந்த வகைக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. பாலைத் தொடாதீர்கள், அது ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோவே செய்த பெட்டியின் கணக்கு, சுருதியும் இறங்கிவிடும். ஹட்டன் வேகம் வேண்டுமென்றால் டெண்டியைத் தேர்ந்தெடுங்கள்.